வீட்டறையில் நாற்று வளர்த்தல்: விளக்கும் ஒளித்தெறி பரப்பும் தெரிந்தெடுக்கும் முறை

பெரும்போக மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலே கண்டியைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் மரக்கறி நாற்றுமேடை அமைப்போர் படும் இடர் சிறிதன்று. தும்பறைப் பள்ளத்தாக்கிலும், உடுநுவரை, யட்டிநுவரைப் பகுதிகளிலும், கம்பளைப் பக்கத்திலும் பிற்பகல்களில் இடியுடன் கொட்டும் மழை பாத்தியிலுள்ள இளங்கன்றுகளை அடித்துச் சாய்க்கிறது. ஈரம் மிகுந்த மண்ணிலே நாற்றழுகல் நோயும் விரைந்து பரவுகிறது. இக்காரணங்களால் நாற்றுத் தட்டுகளைப் பின்விறாந்தையிலோ, நெல் வைக்கும் அறையிலோ வைத்து வளர்க்கும் வழக்கம் கமக்காரரிடையே காணப்படுகிறது. ஆயின், மழைக்குத் தப்பிய கன்று அங்கே மற்றோர் இடருக்கு ஆளாகிறது. அஃது ஒளி போதாமை.

ஒளி குறைந்த அறையில் முளைத்த தக்காளி, கறிமிளகாய், கத்தரி, கோவா ஆகியவற்றின் தண்டு மெலிந்து நீளும். வித்திலைகள் மண்ணிலிருந்து வெகு உயரத்தில் நிற்கும். நிறம் வெளிறும். கன்று முழுவதும் சாளரத்தை நோக்கிச் சாயும். நான்கு நாளில் மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டதே என்று இதனைக் கண்டு மகிழ்வோரும் உளர். இது வளர்ச்சியன்று, ஒளியைத் தேடித் தன் சேமிப்பை எல்லாம் தண்டு நீட்டுவதிலே செலவழித்த கன்றின் தவிப்பேயாகும். இத்தகைய கன்று வயலில் நட்ட பின் வரும் முதல் மழையிலேயே மடிந்து விழும். நீண்ட தண்டைப் பின்னர்க் குறுக்க இயலாது. தக்காளி தன் தண்டிலிருந்து வேர் விடும் இயல்புடையதாதலால் அதனைச் சற்று ஆழமாக நட்டுக் காப்பாற்றலாம். கோவாவிலும் கறிமிளகாயிலும் அவ்வளவு தூரம் அதனை நம்புதல் தகாது. விலை கொடுத்து வாங்கிய கலப்பின விதையும், மூன்று நான்கு கிழமைக் காலமும் இவ்வாறு வீணாவதைத் தடுக்கும் வழியே இங்கு விளக்கப்படுகிறது.

கண் தரும் மயக்கம்

அறையின் ஒளியைக் கண்ணால் மதிப்பிடுதல் தவறான முடிவையே தரும். மனிதனின் கண் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இலைக்கு அவ்வாற்றல் இல்லை. ஒளியை லக்ஸ் என்னும் அளவால் அளப்பர். முகிலற்ற நடுப்பகலில் வயல்வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளி உண்டு. முகில் மூடிய மழை நாளில் அது 10,000 முதல் 20,000 வரை குறையும். கருமுகில் அடர்ந்த நேரத்தில் இன்னும் தாழும். அதே மழை நாளில் அறைக்குள்ளே, சாளரத்திலிருந்து ஆறடி தள்ளி, சில நூறு லக்ஸ் மாத்திரமே இருக்கும். புத்தகம் வாசிக்க 300 முதல் 500 லக்ஸ் போதும். ஆதலின் அவ்வறை நமக்கு வெளிச்சமாகத் தோன்றுகிறது. கன்றுக்கோ அது பட்டினி. கோவா, சலாது ஆகியவற்றின் நாற்றுக்கு 5,000 முதல் 8,000 லக்ஸ் வரையும், தக்காளி, கத்தரி, கறிமிளகாய் நாற்றுக்கு 8,000 முதல் 10,000 லக்ஸ் வரையும் நாளொன்றுக்குச் சுமார் 14 மணி நேரம் கிடைத்தல் நன்று.

கருவி இல்லாதோர் கையின் நிழலைக் கொண்டே ஓரளவு அறியலாம். கன்று நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி மேலே கையைப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். விளிம்பு தெளிந்த கரிய நிழல் விழுந்தால் ஒளி போதும். கலங்கிய மங்கல் நிழலாயின் குறைவு. நிழலே தெரியாவிடின் அங்கே நாற்று வளர்க்க முயலுதல் வீண். கைத்தொலைபேசியில் ஒளி அளக்கும் செயலிகளும் இப்பொழுது உண்டு. அவை துல்லியமானவை அல்லவெனினும், ஓரிடத்தை மற்றோர் இடத்தோடு ஒப்பிட உதவும்.

முதலில் சாளரம்

விளக்கு வாங்குமுன் வீட்டுக்கு வரும் பகலொளி முழுவதும் பயன்படுகிறதா எனப் பார்த்தல் வேண்டும். இவ்விடயத்தில் ஐரோப்பிய, அமெரிக்கத் தோட்டக்கலை நூல்கள் தெற்கு நோக்கிய சாளரமே சிறந்ததெனக் கூறும். அந்நாடுகளில் கதிரவன் ஆண்டு முழுவதும் தென்வானிலேயே செல்வதால் அது பொருந்தும். கண்டியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்குச் சற்று மேலே உள்ளது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னரும், செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலும் நடுப்பகற் கதிரவன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட ஆனி மாதத்தில் உச்சியிலிருந்து 16 பாகை அளவு வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் 31 பாகை அளவு தெற்கே சாய்ந்திருக்கும். எனவே பெரும்போக நாற்றுக்குத் தென்சாளரம் ஓரளவு உதவும். சிறுபோக நாற்றுக்கு அதனால் வரும் நன்மை சொற்பம்.

இப்பகுதிக்குப் பொதுவாக ஏற்றது கிழக்குச் சாளரமே. சிறுபோகத்துக்கு நாற்றிடும் பங்குனி, சித்திரையிலும், பெரும்போகத்துக்கு நாற்றிடும் புரட்டாதி, ஐப்பசியிலும் காலையில் வானம் தெளிந்திருந்து பிற்பகலிலே மழை கூடும் நாட்கள் பல. கிடைக்கும் வெயிலில் பெரும் பங்கு காலை வெயிலாகவே அமைந்துவிடுகிறது. ஆயினும் மலையடி வீடுகளுக்கு இவ்விதி முற்றும் பொருந்தாது. ஹந்தானைச் சரிவிலும், குன்றுகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளங்களிலும் உள்ள வீடுகளுக்கு ஒரு பக்கத்து வெயில் மலை மறைவால் மணிக்கணக்காகத் தாமதிக்கும். இரண்டு மூன்று நாள் காலை, நண்பகல், மாலை வேளைகளில் எந்தச் சாளரத்தில் வெயில் எவ்வளவு நேரம் நிற்கிறதென்று குறித்து வைத்துத் தீர்மானிப்பதே முறை.

கூரையில் ஒரு தகட்டைக் கழற்றி ஒளி புகும் தகட்டை இடுதல் எந்தச் சாளரத்தினும் மேலானது. பக்கச் சாளரம் வானத்தின் ஒரு துண்டையே காட்டும். கூரைத் தகடோ வானத்தின் ஒளிமிக்க உச்சிப் பகுதியைக் காட்டும். கண்டிய வீட்டுத்தோட்டத்திலே பலா, தென்னை மேலே நிற்க, அவற்றின் இடைவெளியில் இறங்கும் ஒளிக்கேற்ப மிளகும் கோப்பியும் அதற்குக் கீழே இஞ்சியும் வைத்தோர், ஒளி மேலிருந்தே வருகிறது என்பதை நன்கறிந்தவர்கள். அந்த அறிவை வீட்டறைக்குள்ளும் கொண்டு செல்லுதல் வேண்டும்.

விளக்கைத் தெரிந்தெடுத்தல்

பழைய இழை மின்குமிழ் நாற்றுக்கு உதவாது. அது வாங்கும் மின்சாரத்தில் மிகப் பெரும் பங்கை வெப்பமாகவே வெளிவிடுகிறது. ஒரு வாற்றுக்குச் சுமார் 12 முதல் 15 லூமன் ஒளியே தரும். அவ்வொளியிலும் செம்மைக்கு அப்பாற்பட்ட கதிர் மிகுதியாகையால் தண்டு மேலும் நீளும். சுருள் வடிவக் குமிழ் விளக்கு வாற்றுக்கு 60 லூமன் அளவு தரும். நான்கடிக் குழாய் விளக்கு இதனினும் நன்று. பல ஆண்டுகளாக நாற்றுக்கும் இழைய வளர்ப்புக்கும் உலகெங்கும் பயன்பட்டது அதுவே. ஆனால் அதனுள் பாதரசம் உண்டு. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் குழாய் விளக்குகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027 ஆம் ஆண்டோடு முடிவுக்குக் கொண்டுவர 2023 இல் இணங்கின. வீட்டில் இருக்கும் குழாய் விளக்கைக் கழிக்க வேண்டியதில்லை. புதிதாக வாங்குவோர் எல்.ஈ.டி. விளக்கையே வாங்குதல் வேண்டும்.

எல்.ஈ.டி. விளக்கு வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் உள்ள ‘இத்தனை வாற்றுக்குச் சமம்’ என்னும் வாசகத்தைப் பொருட்படுத்தலாகாது. உண்மையில் உண்ணும் வாற்று எவ்வளவு, தரும் லூமன் எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்து, பின்னதை முன்னதால் வகுத்தல் வேண்டும். வாற்றுக்கு 100 லூமன் அல்லது அதற்கு மேற்பட்டது நல்ல விளக்கு. லூமன் குறிக்கப்படாத விளக்கை விலை மலிவென்று வாங்குவோர் இறுதியில் மின்கட்டணத்தில் அதனை இழப்பர்.

நிறத்தைப் பொறுத்தவரை, 6,500 கெல்வின் எனக் குறித்த பகலொளி வெண்மையே நாற்றுக்கு ஏற்றது. அதிலுள்ள நீல ஒளி தண்டைக் குட்டையாகவும் உறுதியாகவும் வைக்கும். 2,700 அல்லது 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலம் குறைவாதலால் தண்டு சற்று நீளும். ஊதா நிறத்தில் ஒளிரும் ‘தாவர விளக்கு’ எனப்படுபவை கடைகளில் விற்கப்படுகின்றன. இலைக்கு நீலமும் சிவப்பும் மட்டுமே போதும், பச்சை ஒளி முற்றும் வீண் என்ற எண்ணத்தால் அவை பரவின. உண்மையில் இலை பச்சை ஒளியிலும் பெரும் பகுதியை உட்கொள்கிறது. நெருங்கி நிற்கும் கன்றுகளின் கீழிலைகளுக்கு இறங்கிச் செல்வதும் அவ்வொளியே. அன்றியும், ஊதா விளக்கின் கீழ் இலையின் மஞ்சள் நிறமோ, அழுகற் புள்ளியோ கண்ணுக்குத் தெரியாது. நோயை முதல் நாளிலேயே கண்டறிய வேண்டிய நாற்று அறைக்கு இது பெருங்குறை. லக்ஸ் அளவும் கண்ணின் உணர்வை அடிப்படையாகக் கொண்டதாகையால், வெள்ளை விளக்குகளை ஒப்பிடவே உதவும். ஊதா விளக்கை அதனால் மதிப்பிட இயலாது.

விளக்கின் உயரம் அதன் வாற்றைப் போலவே முக்கியமானது. ஒற்றைக் குமிழை ஓரடியிலிருந்து இரண்டடிக்கு உயர்த்தினால் அதன் நேர் கீழே ஒளி நாலில் ஒன்றாகும். நீண்ட குழாய்க்குக் கீழே, அருகில் நிற்கும் கன்றுக்கு, ஏறத்தாழப் பாதியாகும். தட்டு முழுவதற்கும் சமமாக ஒளி பரவக் குமிழினும் குழாயே நல்லதென்பதற்கு இதுவே காரணம். கன்றின் நுனிக்கு ஆறு அங்குலம் மேலே விளக்கு நிற்கட்டும். கன்று வளர வளர விளக்கை உயர்த்தச் சங்கிலியோ கயிறோ இட்டுத் தொங்கவிடுதல் எளிது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். இழைய வளர்ப்புக் கூடங்களில் கண்ணாடிப் புட்டிகளினுள் கன்றுகள் 2,000, 3,000 லக்ஸ் ஒளியிலே செழித்து நிற்பதைக் கண்டோர், தம் வீட்டிலும் அவ்வளவே போதுமென்று எண்ணுவதுண்டு. புட்டியிலுள்ள கன்றுக்கு அதன் ஊடகத்திலே சீனி சேர்த்து ஊட்டப்படுகிறது. தும்புத்தூளில் நிற்கும் கன்றோ தன் உணவை ஒளியைக் கொண்டு தானே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

ஒளித்தெறி பரப்பு

வெயில் நேரத்தில் கண்டி வாவியின் வெள்ளை மதிலோரமாக நடப்போர் கண்ணைச் சுருக்கிக்கொள்வர். மதில் தானாக ஒளிர்வதில்லை; தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு எண்பது அளவைத் திருப்பி அனுப்புகிறது. பூசாத செங்கற் சுவரும் சீமெந்துச் சுவரும் நூற்றுக்கு இருபது முப்பது அளவையே திருப்பும். புகை படிந்த பலகைச் சுவரில் பத்துக்கூடத் தேறாது. நாற்று அறையின் சுவரைக் கவனியாது மேலும் ஒரு விளக்கு மாட்டுதல், ஓட்டை வாளியில் நீர் இறைப்பது போலாகும்.

எந்தப் பக்கத்தில் தெறிபரப்பு வேண்டும் என்பதை விளக்கின் வகையே தீர்மானிக்கும். பழைய குழாய் விளக்கு எல்லாப் பக்கமும் ஒளி வீசும். அதற்கு மேலே வெள்ளைத் தகடு இல்லாவிடின் ஏறத்தாழப் பாதி ஒளி கூரைக்கே போகும். எல்.ஈ.டி. குழாய் பெரும்பாலும் கீழ்நோக்கியே ஒளி வீசும். அதற்கு மேற்றகடு அத்துணை வேண்டியதில்லை, பக்கங்களை மறைத்தலே வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது எல்.ஈ.டி. விளக்கின் முதுகில் விலையுயர்ந்த தகடு பொருத்துவது வீண் செலவு.

பரப்புகளுள் மங்கல் வெள்ளைப் பூச்சே முதலிடம் பெறத் தக்கது. புதுப் பூச்சு நூற்றுக்கு 80 முதல் 90 வரை திருப்பும்; அதனையும் எல்லாத் திசைக்கும் சிதறித் திருப்புவதால் கன்றுகளுக்குச் சமமாகக் கிடைக்கும். சுண்ணாம்பு நீற்றுப் பூச்சும் இதற்குச் சற்றே குறைந்தது, விலையிலோ மிக மலிந்தது. கண்டியின் ஈரக்காற்றில் சுவரில் பூஞ்சணம் படிந்து கறுக்கும் ஆதலால் ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் சுண்ணாம்பை மீண்டும் பூசுதல் வேண்டும். சுண்ணாம்பு பூஞ்சணத்தை ஓரளவு அடக்கவும் செய்யும்.

சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளும் நூற்றுக்கு 85 அளவு திருப்பும். அதன் மினுங்கும் பக்கத்துக்கும் மங்கிய பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு கவலைக்குரியதன்று. சுருக்கமின்றி அட்டையில் ஒட்டுதலே கவனிக்க வேண்டியது. அலுமினியம் பூசிய மென்படலம் இன்னும் சிறந்ததெனினும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பால்மாப் பைகளை வெட்டி விரித்துக் கழுவினால் அவற்றின் வெள்ளி போன்ற உட்புறம் அதே வேலையைச் செய்யும். மின்பொருட் பெட்டிகளில் வரும் வெண்ணிற ரெஜிஃபோம் அட்டை இலேசானது, ஒளியையும் நன்கு திருப்பும். ஆனால் எளிதில் தீப்பற்றுவது ஆகையால் சூடேறும் விளக்குக்கு அருகில் வைத்தலாகாது. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பலர் தேடுகின்றனர். ஒளி அதன் கண்ணாடியினூடே இருமுறை கடந்து செல்வதால் ஒரு பங்கு குறையும்; உடையும் அபாயமும் உண்டு. வெள்ளைச் சுவர் இருக்கும்போது அது வேண்டாம்.

தெறிபரப்பு விளக்குக்கும் கன்றுக்கும் அருகில், நாற்றுத் தட்டின் விளிம்பை ஒட்டி நிற்றல் வேண்டும். ஐந்தடிக்கு அப்பாலுள்ள வெள்ளைச் சுவரால் வரும் பயன் அற்பமே. சாளரத்தோரம் வைத்த தட்டுக்கு, சாளரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிமிர்த்தி வைத்தாலே கன்று ஒரு பக்கம் சாய்வது பெருமளவு குறையும். தூசி படிந்தால் ஒளி குறையும் ஆகையால் விளக்கையும் பரப்பையும் கிழமைக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்தியபின், துடைத்தல் வேண்டும்.

ஒரு தட்டுக்கு வரும் கணக்கு

நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள ஒரு தட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் நூறு குழி அளவுள்ள நாற்றுத் தட்டுகள் நான்கு அமையும். ஏறத்தாழ 400 கன்றுகள். 80 சென்றிமீற்றருக்கு 50 சென்றிமீற்றர் இடைவெளியில் தக்காளி நட்டால் இவை சுமார் ஆறு பேர்ச் நிலத்துக்குப் போதும். இத்தட்டுக்கு மேலே 18 வாற்று, 1,800 லூமன் கொண்ட எல்.ஈ.டி. குழாய்கள் நான்கு தொங்கவிட்டால் மொத்தம் 7,200 லூமன். அது முழுவதும் கன்றின்மேல் விழுந்தால் 9,700 லக்ஸ் கிடைக்க வேண்டும். பக்கங்கள் திறந்திருந்தால் ஏறத்தாழப் பாதி வெளியே சிதறி, 5,000 லக்ஸுக்குக் குறைவாகவே கிடைக்கும். மூன்று பக்கம் நிலையான வெள்ளை அட்டையும், முன்பக்கம் தூக்கி இறக்கத்தக்க வெள்ளைச் சீலையும் இட்டால் முக்காற்பங்கு, அதாவது 7,300 லக்ஸ் அளவு, கன்றை அடையும். அட்டையாலும் சீலையாலும் பெற்ற ஆதாயம் இரண்டு குழாய்களின் ஒளிக்குச் சமம்.

இந்நான்கு குழாய்களும் 14 மணி நேரம் எரிந்தால் நாளொன்றுக்கு ஓர் அலகு மின்சாரம் செல்லும். 25 நாள் நாற்றுக்கு 25 அலகு. அட்டை இடாது, அதற்கு ஈடாக மேலும் இரண்டு குழாய் மாட்டினால் இன்னும் 12 அலகுக்கு மேல் வேண்டும். இலங்கையில் வீட்டுப் பாவனைக்கு அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும் முறை உள்ளதால், இக்கடைசி 12 அலகுகளே அதிக விலைக்கு வரும். கிழக்குச் சாளரத்தோரம் தட்டை வைத்து, வெயில் உள்ள காலை வேளையில் விளக்கை நிறுத்தி, பிற்பகலிலும் முன்னிரவிலும் மாத்திரம் எட்டு மணி நேரம் எரித்தால் 25 நாளுக்கு 15 அலகுக்கு உட்பட்டே முடிக்கலாம். விதையை எண்ணி நாற்றிடுவோர் அலகையும் எண்ணுதல் வேண்டும். பழம் பறிக்கும் வரை தக்காளியை அறைக்குள்ளேயே விளக்கொளியில் வளர்க்கும் முயற்சி இக்கணக்கில் ஒருபோதும் கட்டுப்படியாகாது. நாற்றுக்கும் கீரைக்குமே இது ஏற்றது. வெளிச்சம் மிகக் குறைந்த அறை ஒன்று இருந்தால் அதில் சிப்பிக் காளான் வளர்ப்பது அறிவுடைமை.

எரிக்கும் நேரம்

கண்டியில் மிக நீண்ட பகல் சுமார் பன்னிரண்டரை மணி. மிகக் குறுகியது சுமார் பதினொன்றே முக்கால் மணி. நாற்றுக்கு விளக்கையும் சேர்த்து 14 முதல் 16 மணி ஒளி போதும். இரவு முழுவதும் எரித்தால் விரைந்து வளரும் என்பது தவறு. இடைவிடாத ஒளியில் தக்காளி, கத்தரி இலைகள் மஞ்சளித்துப் பழுதாகும். எட்டு மணி இருள் அவற்றுக்கு வேண்டும். மின்வெட்டு வந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது போன்ற காலமாயின், தட்டைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, அட்டைகளை மட்டும் சுற்றி வைத்துப் பகலொளியிலேயே காத்தல் கூடும்.

நெற்செய்கையாளரும் இதில் அறிய வேண்டியது ஒன்றுண்டு. மாவீ போன்ற நீண்ட காலப் பழைய நெல்லினங்கள் பகல் குறுகும் காலத்தை உணர்ந்தே கதிர் விடுவன. வயலோரத்தில் இரவு முழுவதும் பிரகாசமான விளக்கு எரிந்தால் அதனருகே நிற்கும் பயிர் கதிர் விடப் பிந்தும். பழைய இனங்களை மீண்டும் பயிரிடுவோர், நாற்று அறையின் வெளிவிளக்கு வயலின்மேல் விழாதவாறு பார்த்துக்கொள்ளல் நலம். புதிய குறுங்கால இனங்கள் இதனால் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை.

பாதுகாப்பும் வெளியேற்றமும்

நீரும் 230 வோல்ற்று மின்சாரமும் ஓரறையில் இருப்பதால் கவனக் குறைவு உயிருக்கே கேடாகலாம். மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் ‘டிரிப் சுவிட்ச்’ வீட்டில் வேலை செய்கிறதா என அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேண்டும். நீட்டிப்புக் கம்பியின் பொருத்து முனை நிலத்தில் கிடக்கலாகாது. தட்டுக்கு மேலே சுவரில் இருத்தல் வேண்டும். நீர்த்துளி புகாத, ஐ.பி. 65 எனக் குறித்த விளக்குகளே ஈர அறைக்கு ஏற்றவை. அலுமினியத் தாள் மின்சாரம் கடத்துவது ஆதலால் விளக்கின் முனைகளிலும் பொருத்துகளிலும் தொடாதவாறு நான்கு அங்குலம் விலக்கி ஒட்டுதல் வேண்டும். நீர் தெளிக்கும்போது விளக்கை நிறுத்துக.

பக்கங்களை அட்டையால் மறைப்பதால் உள்ளே காற்றோட்டம் குறைந்து நாற்றழுகல் வரும் வாய்ப்புண்டு. அட்டையின் கீழே இரண்டங்குலமும் மேலே இரண்டங்குலமும் இடைவெளி விட்டு, பகலில் முன்சீலையைத் தூக்கி வைத்தல் வேண்டும். நாளுக்கு இருமுறை கையாலோ ஓர் அட்டைத் துண்டாலோ கன்றுகளின் நுனியை மெல்ல வருடிவிட்டால், காற்றில் ஆடிய கன்றுபோலத் தண்டு தடிக்கும்.

விளக்கொளியில் 7,000 லக்ஸில் வளர்ந்த கன்றை நேரே 1,00,000 லக்ஸ் வெயிலில் நட்டால் இலை வெளுத்துக் கருகும். நடுவதற்கு ஏழு நாள் முன்னர்த் தட்டுகளை வெளியே எடுத்து, முதல் இரண்டு நாள் மர நிழலிலும், அடுத்த மூன்று நாள் காலை வெயிலிலும், இறுதி இரண்டு நாள் முழு வெயிலிலும் வைத்து, நீரையும் சிறிது குறைத்துப் பழக்குதல் வேண்டும். மழை வந்தால் மட்டும் தாழ்வாரத்துக்குள் எடுக்கலாம். பின் மாலை வேளையிலோ, முகில் மூடிய நாளிலோ வயலில் நடுக. நட்டு முடிந்ததும் அட்டைகளைக் கழுவி உலர்த்தி எடுத்து வைத்தால் சிறுபோக நாற்றுக்கும் அவையே உதவும்.